சுருங்காத ஈயம்

தாமுவே மார்க்கெட்டுக்குப் பின்னால் பேட்டரி பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று ஒருவருக்கும் தெரியாத இந்த ஊரில், இப்போதெல்லாம் அரிசிக்கடையைவிட அங்கேதான் கூட்டம். போன வாரம் நானும் வீட்டு பேட்டரியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போனேன். அறுபதைத் தாண்டியவன் செய்யக்கூடாத வேலைதான். கடைக்காரர் கோ ஆங், முனை உடைந்துபோயிருக்கிறது, புதிதாக ஊற்றித் தருகிறேன், உட்காருங்கள் என்று பர்மியில் சொல்லிவிட்டு, ஒரு இரும்புக் கரண்டியில் ஈயத்துண்டுகளைப் போட்டு அடுப்பில் வைத்தார்.

ஈயத்துக்கென்று தனியாக வாசனை ஒன்றும் கிடையாது. அதில் ஒட்டியிருக்கிற அழுக்கும் எண்ணெயும்தான் முதலில் தீயும். அந்தத் தீய்ந்த நெடி மூக்கில் ஏறியதும் நான் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். கிழவனுக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு கோ ஆங் ஸ்டூலை எடுத்து வெளியே போட்டார். நல்ல மனிதர். அவரிடம் என்ன சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் இதே தாமுவேயில், எங்கள் வீட்டுப் பின்கட்டில், நானும் இப்படிக் கரண்டியில் ஈயம் காய்ச்சியிருக்கிறேன். மான் சுடுவதற்கான குண்டு வார்க்க. நம்பமாட்டீர்கள். கரப்பான்பூச்சியைச் செருப்பால் அடிப்பதற்கே இரண்டு முறை யோசிக்கிற ஆள் நான். ஆனால் சவரிமுத்து என்று எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். அவன் எதில் இறங்கினாலும் நானும் பின்னாலேயே இறங்கிவிடுவேன்.

சவரிக்கு இன்சீன் ரயில்வே பட்டறையில் கடைசல் வேலை. லேத்து மெஷினில் இரும்பு உருட்டுகிறவன். சொந்த ஊரான கியாக்தானிலிருந்து வந்து இன்சீனில் ஒரு அறையில் தங்கியிருந்தான். நான் டவுனில் ஒரு தமிழ் அச்சாபீசில் கம்பாசிட்டர். கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, இந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் கோர்ப்பதுதான் என் தொழில். இருவருக்கும் சினிமாக் கொட்டகை வாசலில் வரிசையில் நின்று பழக்கம். அவன் மாதாகோயில், நான் மாரியம்மன் கோயில். அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் வருவான், நான் ஸ்டேஷனில் காத்திருப்பேன், மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா சேமியா சாப்பிடுவோம். அவன் கிண்ணத்தில் வாழைத்தண்டு ஒரு துண்டு அதிகமாக விழும்படி கடைக்காரம்மாவிடம் இளித்துப் பேசத் தெரியும் அவனுக்கு. எனக்கு அந்த சாமர்த்தியம் வரவில்லை, சாறு மட்டும்தான் வரும்.

பெகு பக்கத்தில் சவரியின் தாய்மாமனுக்கு வயல் இருந்தது. மாமாவிடம் ஒரு துப்பாக்கியும் இருந்தது. தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. தூமி என்று இங்கே சொல்வார்கள். குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நார் வைத்து, குண்டை இறக்கி, நீளக் கம்பியால் கெட்டித்துச் சுடுகிற பழைய சாமான். பன்றி வயலுக்குள் இறங்காமல் இருக்க மாமா வானத்தைப் பார்த்து ஒரு முறை வெடிப்பார், அத்தோடு சரி. அதை வைத்து மான் சுடலாம் என்று கண்டுபிடித்தது சவரிதான். கிறிஸ்துமஸ் கழிந்த வாரத்தில் பட்டறையில் லீவு போடுவான். நான் காய்ச்சல் என்று அச்சாபீசுக்குச் சொல்லி அனுப்புவேன். வருடாவருடம் அதே வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வருவதை முதலாளி கேள்வி கேட்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

சுடுவதுகூடப் பெரிதில்லை. கெட்டிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பான் சவரி. மூங்கில் கணுவை வெட்டி மருந்துக்கு அவனே ஒரு அளவு செய்து வைத்திருந்தான். கேளையாடு என்கிற சின்ன மானுக்கு ஒரு அளவு. கடமானுக்கு இரண்டு. ஏற்றிப் போட்டால் குண்டு இறைச்சியைக் கிழித்துக்கொண்டு போய்விடும், குறைத்துப் போட்டால் தோலில் பட்டு நொண்டிக்கொண்டு ஓடும். மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. "ஒரு பிடி ஈய ரவையை அள்ளிப் போட்டு அடிங்கடா, எதிலயாச்சும் ஒண்ணு படும்" என்பார்.

"ரவை வேணாம் மாமா. பட்டுட்டு எங்கயாச்சும் போயி நாலு நாள் கெடந்து சாவும். ஒத்தக் குண்டுதான். பட்டா அங்கயே விழணும், படாட்டி முழுசா போகணும்."

இது அவன் சொன்னது. கொல்லப் போகிறவனுக்கு என்ன இரக்கம் என்று கேட்பீர்கள். நானும் அப்போது கேட்டுச் சிரித்தேன். இப்போது யோசித்தால், நான் பார்த்தவர்களில் அவனைப்போல் கணக்காக இரக்கம் காட்டியவர் யாருமில்லை என்று தோன்றுகிறது.

கெட்டித்த பிறகு சரி பார்ப்பதற்கும் ஒரு முறை இருந்தது. காலிக் குழலில் கம்பியை விட்டால் அதன் தலை குழல் வாயோடு சமமாக நிற்கும். மருந்தும் நாரும் குண்டும் உள்ளே போனபிறகு அந்த உயரத்துக்குக் கம்பி வெளியே நிற்கும். அதை விரல் வைத்து அளப்பார்கள். கேளையாட்டுக்கு நாலு விரல், கடமானுக்கு ஆறு விரல். கெட்டித்தவன் அளக்கக்கூடாது, கூட இருப்பவன்தான் அளந்து சொல்லவேண்டும் என்று சவரி வைத்திருந்தான். கெட்டித்தவன் கண் தான் நினைத்ததைத்தான் பார்க்குமாம். ஆகவே அளப்பது என் உத்தியோகம். நாள் முழுக்க எழுத்து பொறுக்குகிற விரல்கள் அல்லவா, எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

குண்டு வார்ப்பதும் என் பங்கு. அச்சு மாமாவுடையது, இடுக்கிபோலத் திறந்து மூடும். ஈயம் கியாக்தானிலிருந்து வரும், மீன்வலையில் கோர்க்கிற ஈயம். சவரி ஊருக்குப் போகும்போது பழைய வலையிலிருந்து கழற்றிக்கொண்டு வருவான். நகத்தால் கீறினால் கோடு விழவேண்டும், அவ்வளவு மிருதுவாக இருந்தால்தான் குண்டுக்கு ஆகும் என்பான். வேறு எதையும் சேர்க்கக்கூடாது. பத்து தடவையாவது சொல்லியிருப்பான்.

நான் இருபத்தேழு வயதில் இருந்த அந்த வருடம் வலை ஈயம் குறைவாக இருந்தது. ஐந்து குண்டுக்குத்தான் வரும், எப்போதும் பத்து எடுத்துப் போவோம். மீன்பிடிக் கயிறு விற்கிற கடையில் வாங்கி வா என்று அவன் சொல்லியிருந்தான். அந்தக் கடை ஆற்றங்கரையில். டிசம்பர் மாதம், கல்யாணப் பத்திரிகை தலைக்குமேல். போக சோம்பலாக இருந்தது. அச்சாபீசில் தேய்ந்தும் ஒடிந்தும் போன எழுத்துகளை ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்திருப்போம். எழுத்து வார்க்கிற பாய் வருடத்துக்கு இரண்டு முறை வந்து காய்ச்சிப் புதிதாக வார்த்துக் கொடுப்பார். அதிலிருந்து இரண்டு கைப்பிடி அள்ளி லோஞ்சிக் கைலி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். ஈயம்தானே, ஈயம் ஈயத்தோடு சேர்ந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். கரண்டியில் பாதிக்குப் பாதி போட்டுக் காய்ச்சினேன். கொம்பும் காலும் சுழியுமாகக் கிடந்தவை ஓரத்திலிருந்து கரைந்து உள்ளே போனதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. குண்டுகள் வெள்ளையாக, மொழுமொழுவென்று, ஓரம் மழுங்காமல் வந்து விழுந்தன. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான குண்டை நான் வார்த்ததில்லை.

ரயிலில் சவரி ஒன்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தான். "என்னடா இப்படிப் பளபளங்குது?"

"புது ஈயம்," என்றேன்.

நகத்தால் கீறிப் பார்த்திருப்பான். அந்த நேரம் எதிர் சீட்டிலிருந்த அம்மாள் எங்களுக்கு அவித்த வேர்க்கடலை நீட்டினாள். கைநிறையக் கடலை வந்ததும் குண்டைப் பையில் போட்டுவிட்டான். யார் பெற்ற பிள்ளைகளுக்கோ கடலை கொடுத்த அந்த அம்மாளை நான் இத்தனை வருடம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். எவ்வளவு கேவலம் பாருங்கள்.

மறுநாள் மாமா வயலில், விடிந்து வெளிச்சம் வந்த நேரம். வயலுக்கு அப்பால் மூங்கில் புதர், அதற்குப் பின்னால் மேடு. கேளையாடு புதரைவிட்டு வெளியே வந்து, நாய்போலக் குரைத்துவிட்டு நின்றது. சவரி சுட்டான். படவில்லை. அது மேட்டில் ஏறி மறுபடி நின்றது. இன்னும் ஒரு தடவைக்கு நேரம் இருந்தது. அவன் மருந்து கொட்டினான், நார் வைத்தான், குண்டை இறக்கினான். முதல் வெடியில் குழலுக்குள் கரி பிடித்திருக்கும், இரண்டாவது கெட்டிப்பு எப்போதுமே கொஞ்சம் இறுகும். அன்றைக்கு ரொம்ப இறுகியது. கம்பியின் தலையை ஒரு கட்டையால் தட்டி இறக்கினான்.

"எத்தன வெரலு?"

நான் வைத்துப் பார்த்தேன். ஆறு.

"ஆறா? அவசரத்துல கூடக் கொட்டிட்டேன் போலருக்கு," என்றான். பிறகு, "பரவால்ல, கடமான் கணக்கு. தாங்கும்."

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவன் ஒரு அளவுதான் கொட்டியிருந்தான். குண்டு முழுசாக இறங்கவில்லை. மருந்துக்கு இரண்டு விரல் மேலே குழலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. நடுவில் வெற்றிடம். நாங்கள் இருவரும் கம்பியை அளந்து மருந்து கூடுதல் என்று நினைத்துக்கொண்டோம். வெடித்தபோது குண்டு முன்னால் போகவில்லை, குழல் பக்கவாட்டில் பிளந்தது. அவனுடைய இடது கை அந்த இடத்தைத்தான் தாங்கிப் பிடித்திருந்தது.

அதற்கு மேல் அந்தக் காலையை எழுதமாட்டேன். மாமாவின் மாட்டுவண்டி, பிறகு ஒரு லாரி, பிறகு பெகு ஆஸ்பத்திரி. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

இரண்டாம் நாள் கண் விழித்து என்னைப் பார்த்தான். "என் தப்புடா. கை மறந்துருச்சு. கரி புடிச்ச கொழல்ல ரெண்டு அளவு கொட்டிருக்கேன்," என்றான்.

எனக்கு அப்போது காரணம் முழுதாகத் தெரியாது. ஆனால் அந்த வெள்ளைக் குண்டுகள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

முழுதாகத் தெரிந்தது ஒரு மாதம் கழித்து. எழுத்து வார்க்கிற பாய் வந்திருந்தார். சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல், ஏன் பாய், எழுத்துக்கு வெறும் ஈயம் போதாதா என்று கேட்டேன். "வெறும் ஈயம் ஆறுனா சுருங்கிரும் தம்பி. எழுத்து மொட்டையா வரும். இதுல வேற சரக்கு கலந்துருக்கு. சுருங்காது, கல்லு மாதிரி நிக்கும். அதுக்குத்தான்," என்றார். வீட்டுக்குப் போய், மிஞ்சியிருந்த வெள்ளைக் குண்டையும் முந்தின வருடத்து வலை ஈயக் குண்டு ஒன்றையும் எடுத்தேன். அச்சாபீஸ் அட்டையில் ஒரு ஓட்டை வெட்டி இரண்டையும் விட்டுப் பார்த்தேன். வலை ஈயம் நழுவி விழுந்தது. வெள்ளைக் குண்டு ஓட்டையில் உட்கார்ந்துகொண்டது. ஒரு மயிரிழைதான் பெரிது. அதை வாசலில் ஓடும் சாக்கடையில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

சவரியை லேத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு விரலால் இரும்பு உருட்ட முடியாது. பட்டறை வாசலில் கேட் திறக்கிற வேலை கொடுத்தார்கள். தன்னோடு வேலை பார்த்தவர்களுக்குக் காலையில் கேட்டைத் திறந்துவிட்டு மாலையில் மூடினான். ஒன்பது வருடம் அதைச் செய்தான். இரண்டு தங்கைகளுக்கும் அவன் சம்பளத்தை நம்பித்தான் வரன் பேசிக்கொண்டிருந்தார்கள், இரண்டும் நின்றுபோயின. பெரியவள் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறகு அவன் கியாக்தானுக்கே போய்விட்டான். அங்கே மா ஏ என்ற பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஆற்றுக்கு நடுவிலிருக்கும் பகோடாவுக்குப் படகேறுகிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்தார்கள்.

எங்கள் சிநேகிதம் மட்டும் அப்படியே இருந்தது, அதைச் சொல்லவேண்டும். முதலில் கடிதம், பிறகு எப்போதாவது பஸ்ஸில் போய்வருவது, கைபேசி வந்தபிறகு ஞாயிறுதோறும் பேச்சு. மாதாகோயிலிலிருந்து வந்து, சாப்பிட்டு, மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிடுவான். எண்ணெய் என்ன விலை, யார் பிள்ளை எந்த நாட்டுக்கு ஓடிப்போயிற்று, உனக்குச் சர்க்கரை எவ்வளவு, எனக்கு எவ்வளவு, இதுதான். எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாயில் வராது. வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் நான் தமிழில் வாய்விட்டுச் சிரிப்பது.

இந்த வருடம் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பேச்சோடு பேச்சாகச் சொன்னான். "இன்னைக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணேன். அந்த மருந்த இந்த வருசமும் சொன்னேன்."

"எந்த மருந்த?"

"அதான், ரெண்டு அளவு கொட்டுனது. என் அவசரத்தால தங்கச்சிங்க வாழ்க்கை போச்சுல்ல. வருசா வருசம் சொல்றேன். புதுச் சாமியார், 'அதான் எப்பவோ மன்னிச்சாச்சே, திரும்பத் திரும்ப ஏன் கொண்டாறீங்க'ன்னு சிரிக்கிறாரு."

அவனும் சிரித்தான். முப்பத்தைந்து வருடங்களாக என் பாவத்தை அவன் முட்டி போட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். மறுநாள் காலை பஸ் ஏறிக் கியாக்தானுக்குப் போய்விட்டேன்.

கடையில் மா ஏ இல்லை. அவன் மட்டும் உட்கார்ந்து, ஆற்று மீனுக்குப் போடுகிற பொரியை இரண்டு விரலால் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து அவனுக்கு ஏக சந்தோஷம். லபேயே டீ வரவழைத்தான். நான் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, இரண்டு கைப்பிடி, பாய் சொன்னது, அட்டை ஓட்டை. அவன் பொட்டலம் கட்டுவதை நிறுத்தவில்லை.

"எவ்வளவு கலந்த?"

"பாதிக்குப் பாதி."

கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தான். மனதுக்குள் கெட்டித்துப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு அளவு மருந்து, நார், பெருத்த குண்டு, ஆறு விரல். "ஆமா," என்றான். "நான் ஒண்ணுதான் கொட்டுனேன். அப்பவே அப்படித்தான் தோணுச்சு."

நான் அழ ஆரம்பித்தேன். மன்னித்துக்கொள் என்று கேட்கத்தான் போயிருந்தேன், அதைக் கேட்கவேயில்லை.

"ஏன்டா சொன்ன?" என்று கேட்டான். குரலில் கோபமே இல்லை. "என் தப்புன்னு இருந்துச்சு. என் கை, என் தப்பு. அத வச்சுக்கிட்டுப் பொழச்சுட்டேன். பட்டறை வாசல்ல கேட்டத் தொறக்கும்போதுகூட, நீ செஞ்சது நீ அனுபவிக்கிறன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன், மனசு அடங்கிரும். இப்ப என்ன பண்ண? இந்த வயசுல ஒன்ன வெறுக்கணுமா நான்?"

சொன்னால் பாரம் குறையும் என்றுதான் போனேன். யாருடைய பாரம் என்று யோசிக்கவில்லை.

அவன் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான். சர்க்கரைக்கு மாத்திரை போட்டாயா என்று கேட்டான். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான். பஸ் கிளம்புமுன்பே திரும்பி நடந்துவிட்டான்.

எவ்வளவோ போய்விட்டது இந்த ஊரில். மாமாவின் வயல் போயிற்று, மூங்கில் காடு போயிற்று, அங்கே கேளையாடு குரைத்து யாரும் கேட்டு இருபது வருடம் இருக்கும் என்கிறார்கள். துப்பாக்கி என்றாலே இப்போது வேறு பயம், வேறு பேச்சு. அச்சாபீசை இடித்து மாடி வீடு கட்டிவிட்டார்கள். இதெல்லாம் காலம் கொண்டுபோனது, எனக்கு அதில் பங்கில்லை, யாரோடும் சேர்ந்து பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். ஞாயிறு இரண்டு மணியை நானே என் கையால் ஒழித்தேன்.

அதற்கப்புறம் அவன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் மா ஏ எடுக்கிறாள். தூங்குகிறார் அண்ணா, எழுந்ததும் சொல்கிறேன் என்கிறாள். நல்ல பெண், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், குரல் தடுமாறும். போன ஞாயிறும் அப்படித்தான் சொன்னாள். சரிம்மா, தூங்கட்டும் என்றேன். பின்னால் படகுக்காரன் ஒருவனோடு சவரி ஏதோ பேசிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.